குத்தம்பாக்கத்துல இருந்து இருபது நிமிஷம்

போன வாரம் டீ டைம்ல ஒரு பேச்சு வந்துச்சு. அப்ப வந்த கடுப்பு இன்னும் அடங்கல. அதான் எழுத உட்கார்ந்துட்டேன்.

(புதுசா படிக்கறவங்களுக்கு: வீடு குத்தம்பாக்கம். வேலை திருமழிசை சிட்கோல, ஒரு சின்ன டர்னிங் பட்டறை.)

கூட வேலை பாக்கற தம்பி ஒருத்தன். நல்ல பையன், லேத்ல கை சுத்தம். அவன்தான் சாதாரணமா கேட்டான். "அண்ணே, நம்ம சென்னைக்குக் கார் ரேஸ்னு ஒண்ணு வந்ததே 2024-லதானே? தீவுத்திடல்ல, ராத்திரில, லைட்டு போட்டு நடத்துனாங்களே. அதுக்கு முன்னாடி இங்க ஏது?"

கேட்டுட்டு டீயைக் குடிச்சான். எனக்கு வடை தொண்டைலயே நின்னுடுச்சு.

ஏன்னா அவன் வீடு செம்பரம்பாக்கம். அங்கிருந்து பெங்களூர் ரோட்டைப் புடிச்சு நேரா போனா இருங்காட்டுக்கோட்டை. அங்க 3.717 கிலோமீட்டர் நீளத்துக்கு, 12 வளைவோட, 1990-ல இருந்து ஒரு ரேஸ் ட்ராக் இருக்கு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ட்ராக். இப்ப மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு பேரு.

அவனைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? பூந்தமல்லில இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் யாரை வேணா நிறுத்திக் கேட்டுப் பாருங்க. குயின்ஸ் லேண்ட் எங்கன்னா கண்ணை மூடிட்டு வழி சொல்வாங்க. ஹூண்டாய் கம்பெனி எந்த கேட்டுன்னு நம்பரோட சொல்வாங்க. ரேஸ் ட்ராக் எங்கன்னா ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

எங்க ஊரு பேரைச் சொன்னா வெளியூர்க்காரங்க பஞ்சாயத்துத் தலைவரா இருந்த இளங்கோவைப் பத்தி, சமத்துவபுரத்தைப் பத்திப் பேசுவாங்க. இப்ப புது பஸ் ஸ்டாண்ட் பத்திக் கேக்கறாங்க. இனிமே நான் இதையும் சேர்த்துச் சொல்லப்போறேன். குத்தம்பாக்கத்துல இருந்து பைக்ல இருபது நிமிஷத்துல, எஃப்1 வரைக்கும் போன ரெண்டு பேர் ஓட்டிப் பழகின தார் ரோடு இருக்கு.

ஒருத்தர் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன். அவரோட முதல் ரேஸே ஸ்ரீபெரும்புதூர்லதான். ஃபார்முலா மாருதி கார். முதல் ரேஸ்லயே மேடை ஏறிட்டார். 2005-ல ஜோர்டான் டீமுக்கு எஃப்1 ஓட்டினார், அதுல இந்தியாவுக்கே முதல் ஆள். இன்னொருத்தர் நம்ம சென்னை கருண் சந்தோக். 2000-ல ஃபார்முலா மாருதி சாம்பியன், 2010-ல எஃப்1.

அந்த ஃபார்முலா மாருதி காரைப் பத்தி ஒரு ரெண்டு வரி சொல்லாம நகர முடியாது, பட்டறைக்காரன் இல்லையா. எஸ்.கரிவரதன்னு கோயமுத்தூர்க்காரர். மாருதி 800 எஞ்சினை எடுத்து, அதைச் சுத்தி ஒத்தை சீட்டு ரேஸ் காரை வடிவமைச்சு, நம்ம ஊர்லயே கட்டினார். வெளிநாட்டுல இருந்து கார் இறக்குமதி பண்ணிட்டிருந்தா இங்க எத்தனை பேர் ஓட்டியிருக்க முடியும்? காய்கறி வாங்கப் போற கார்ல இருந்த எஞ்சின்தான் ஒரு தலைமுறைக்கே ரேஸ் கத்துக்குடுத்துச்சு. 1995-ல விமான விபத்துல போயிட்டார். கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற ட்ராக்குக்கு அவர் பேருதான், கரி மோட்டார் ஸ்பீட்வே. நம்ம அஜித் கூட 2002-ல ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் அடுத்த வருஷம் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியாவுக்குப் போனார்.

இதுக்கெல்லாம் முன்னாடி சோழவரம். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். அந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சது 1953. அங்கதான் வருஷக்கணக்கா ரேஸ் நடந்துச்சு. எங்கப்பா சின்ன வயசுல ரெட்ஹில்ஸ் வழியா சைக்கிள்ல போய்ப் பார்த்தேன்னு சொல்வார். வெயில், புழுதி, சத்தம், நிலக்கடலை. அவர் சொன்ன வர்ணனை அவ்வளவுதான். ஆனா சொல்லும்போது முகத்தைப் பார்க்கணும்.

சரி. நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்?

எங்க அக்கா பையன். எட்டாவது படிச்சிட்டிருந்தான் அப்ப. 2024 ஆகஸ்ட்டு. "மாமா, எஃப்4 இந்தியன் சாம்பியன்ஷிப் நம்ம பக்கத்துலயே ஆரம்பிக்குதாம், கூட்டிட்டுப் போறியா?"ன்னு நச்சரிச்சான். அக்கா "வெயில்ல கருத்துப் போயிடுவான்"னா. அவன் ஏற்கெனவே என் கலர்தான்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டோம்.

முதல் நாள் பெரிய தப்பு பண்ணோம். இதைப் படிச்சிட்டுப் போறவங்க அதைப் பண்ணிடாதீங்க.

நேரா மெயின் ஸ்ட்ரெய்ட்டுக்கு எதிர்ல போய் உட்கார்ந்தோம். டிவில காட்டறது அதைத்தானே. ஸ்டார்ட் பிரமாதம், ஒத்துக்கறேன். அஞ்சு சிவப்பு லைட்டு ஒண்ணொண்ணா எரிஞ்சு, எல்லாம் சேர்ந்து அணையும்போது அடிவயித்துல ஒண்ணு பிசையும். அதுக்கப்புறம்? விர்ர்ர். விர்ர்ர். விர்ர்ர். மஞ்சளா ஒண்ணு போச்சு. நீலமா ஒண்ணு போச்சு. யாரு, எத்தனாவது, ஒண்ணும் புரியல. கழுத்துதான் வலிச்சுது.

ரெண்டாவது ரேஸுக்குப் பையன் சொன்னான். "மாமா, வளைவுகிட்ட போலாம். அங்கதான் ஸ்லோ பண்ணுவாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் எங்க சீசனையே மாத்துச்சு.

வளைவுக்கு முன்னாடி ஓரத்துல நம்பர் போர்டு வச்சிருப்பாங்க, வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர்னு. அதுக்குப் பக்கத்துல வேலி ஓரமா நின்னுட்டோம். இப்ப எல்லாம் தெரியுது. ஒருத்தன் 100 போர்டுகிட்டயே பிரேக் போடறான். பின்னாடி வர்றவன் இன்னும் நாலஞ்சு மீட்டர் தள்ளிப் போடறான். அந்த நாலஞ்சு மீட்டர்ல உள்பக்கமா மூக்கை நுழைக்கறான். நுழைஞ்சுட்டா வளைவு அவனுக்கு. கொஞ்சம் அதிகமா ஆசைப்பட்டா டயர் பூட்டிக்கும், கிய்ய்னு ஒரு கத்தல், நீல நிறத்துல புகை, நேரா மண்ணுக்குள்ள.

ஒவ்வொரு சுத்துலயும் அதே இடம். ஒரு பையன், எந்தக் காருன்னு சொல்லல, தார்ல ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு கறுப்புத் திட்டு இருந்துச்சு, சரியா அதுமேல முன் டயர் ஏறும்போதுதான் பிரேக் போட்டான். ஆறு சுத்து எண்ணினோம். ஆறு தடவையும் அதே திட்டு. நான் லேத்ல மைக்ரான் கணக்குல வேலை பாக்கறவன். ஒரே அளவை நூறு பீஸ்ல திரும்பத் திரும்பக் கொண்டுவர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். அதுவும் மெஷின் ஆடாம நிக்குது. இவன் பறந்துட்டே அதைப் பண்றான். வயசு பதினாறு பதினேழு இருக்கும்.

மயிர்க்கூச்செறிஞ்சுதுன்னு கதைல எழுதுவாங்களே, எனக்கு நிஜமாவே வேலி ஓரத்துல கை முடியெல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு.

கொஞ்சம் விஷயம் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க.

எஃப்4-ங்கறது கோ-கார்ட் ஓட்டி முடிச்ச பசங்களுக்கு அடுத்த படி. 15 வயசு ஆகியிருக்கணும். அதுக்கு மேல எஃப்3, எஃப்2, எஃப்1. எஃப்1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேணும், அதுக்கு 40 பாயிண்ட் சேர்க்கணும். எஃப்4 சாம்பியன் ஆனா அதுல 12 வரைக்கும் கிடைக்கும். இந்தியால இது முதல்ல நடந்தது 2023-ல. ஆஸ்திரேலியாக்காரப் பையன் கூப்பர் வெப்ஸ்டர் ஜெயிச்சான். அந்த வருஷமே தீவுத்திடல்ல டிசம்பர் 9, 10 தேதில தெரு ரேஸ் வைக்கறதா இருந்துச்சு. மிக்ஜாம் புயல் வந்துச்சு. செம்பரம்பாக்கம் ஏரி எவ்வளவு திறந்தாங்கன்னு மணிக்கணக்கா நியூஸ் பாத்துட்டிருந்த நமக்கு ரேஸ் ஞாபகமே இல்ல. தள்ளி வச்சுட்டாங்க. அந்த சீசனை இருங்காட்டுக்கோட்டைலயே முடிச்சாங்க.

இதுல முக்கியமான சங்கதி, எல்லாருக்கும் ஒரே கார். பிரான்ஸ்ல மைகேல் கம்பெனி செஞ்சது, 1.3 லிட்டர் டர்போ எஞ்சின். தலைக்கு மேல வளைவா ஒரு உலோகச் சட்டம், ஹேலோன்னு பேரு, எதாவது பறந்து வந்தா தலைல படாம காப்பாத்தும். ஒருத்தனுக்கு நல்ல எஞ்சின், இன்னொருத்தனுக்கு மட்டமான எஞ்சின்ங்கற பேச்சே கிடையாது. டிவில எஃப்1 பாக்கறவங்க அடிக்கடி அலுத்துக்குவாங்க, ஒரே டீம் கார்தான் முன்னாடி போகுதுன்னு. அவங்களுக்கு நான் சிபாரிசு பண்றது இந்தச் சின்னப் பசங்க ரேஸைத்தான். கார் ஒண்ணு, டயர் ஒண்ணு, ரோடு ஒண்ணு. மிச்சம் இருக்கறது ஓட்டறவன் மட்டும்.

(இதுக்கும் கீழ, 1300 சிசி மாருதி எஞ்சின் போட்ட எல்ஜிபி ஃபார்முலா கார் ரேஸும் தேசிய சாம்பியன்ஷிப்ல நடக்கும். அதையும் பாருங்க. ஒட்டிக்கிட்டே போவாங்க, அஞ்சாறு காரு ரயில் பெட்டி மாதிரி. எனக்கு அதுல ஒரு தனிப் பாசம்.)

முதல் வாரம் பாத்துட்டு வந்த வேகத்துல, பையனுக்குக் கார்ட் ஓட்டணும்னு ஆசை. எனக்கும்தான். ஒரு கார்ட் ட்ராக்குக்குப் போனோம், வாடகைக்கு விடறாங்களே, அந்த வண்டி. பவர் ஸ்டீயரிங் கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது, தரைல இருந்து ரெண்டு விரக்கடை உயரத்துல உட்கார்ந்திருக்கோம். முதல் அஞ்சு சுத்து ஆக்ஸிலேட்டரை விடாம மிதிச்சேன். வளைவுல வண்டி வெளிப்பக்கமா இழுத்துட்டுப் போச்சு, ரெண்டு தடவை சுத்தி எதிர்ப்பக்கம் பாத்து நின்னுச்சு. பையன் என்னைவிட நாலு செகண்ட் வேகம். அங்க வேலை பாக்கற அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார். "சார், வளைவுக்குள்ள பிரேக் போடாதீங்க. நேரா இருக்கும்போதே போட்டு முடிச்சுடுங்க. அப்புறம் வண்டியை அது போக்குல திரும்ப விடுங்க."

அடுத்த அஞ்சு சுத்து அப்படியே செஞ்சேன். மெதுவா போற மாதிரியே இருந்துச்சு. இறங்கிப் பாத்தா மூணு செகண்ட் குறைஞ்சிருக்கு!

மறுநாள் விலா எலும்பு ரெண்டு பக்கமும் கன்னிப்போய், முன்கை புடிச்சிக்கிட்டு, மைக்ரோமீட்டரைத் திருப்பவே சிரமமா இருந்துச்சு. பத்து நிமிஷம் ஓட்டினதுக்கே இந்தக் கதின்னா, எஃப்4-ல அரை மணி நேரம், ஆகஸ்ட்டு வெயில்ல, மூணு அடுக்குத் தீத்தடுப்புச் சட்டை போட்டுட்டு ஓட்டற பசங்களை நெனச்சுப் பாருங்க. ரேஸ் முடிஞ்சு ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழட்டினதைப் பார்த்தேன். தலைமுடில இருந்து தண்ணி ஊத்தின மாதிரி வேர்வை. கழுத்துல ஈரத் துண்டைப் போட்டுட்டு, பேசாம தரையையே பாத்துட்டு நின்னான். ஏழாவது வந்திருந்தான். அவங்கம்மா மாதிரி ஒருத்தங்க பக்கத்துல போனாங்க, தோளைத் தொடல, தண்ணி பாட்டிலை மட்டும் நீட்டினாங்க. புரிஞ்ச அம்மா.

இப்ப பையனோட நோட்டுப் புத்தகத்துக்கு வர்றேன்.

பையன் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினான். கணக்கு நோட்டுன்னு அட்டைல எழுதினான் (அக்காவுக்காக). உள்ள எல்லாம் ரேஸ். ஒவ்வொரு ரேஸுக்கும் யாரு எத்தனாவது, எத்தனை பாயிண்ட். முதல்ல வந்தா 25, ரெண்டாவதுக்கு 18, மூணாவதுக்கு 15, நாலாவதுக்கு 12, அப்படியே இறங்கிப் பத்தாவதுக்கு 1.

ஒரு நாள் சாப்பிட்டுட்டே கேட்டான். "மாமா, ஒருத்தன் ரெண்டு ரேஸ் ஜெயிச்சான், மூணாவதுல இடிச்சு வெளிய போயிட்டான். இன்னொருத்தன் மூணுலயும் ரெண்டாவது வந்தான். யாரு முன்னாடி?"

நான் ஜெயிச்சவன்தான்னு சொல்லிட்டேன், யோசிக்காம.

"25-ம் 25-ம் 50. மூணு பதினெட்டு 54. ரெண்டாவது வந்தவன்தான் மாமா."

சோத்துல கை வச்சுட்டே அப்படியே உட்கார்ந்துட்டேன். ஒத்தை ரேஸ் பாக்கறதுக்கும் ஒரு சீசன் பாக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் அன்னிக்குத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. ஒரு ரேஸ்னா தைரியம் போதும். சீசன்னா, இடிக்காம வீட்டுக்குக் காரைக் கொண்டுவரணும். நாலாவது வர வேண்டிய நாள்ல மூணாவதுக்கு ஆசைப்பட்டு மண்ணுல போய் நின்னா 12-ம் போச்சு. பதினாறு வயசுப் பையன், ரத்தம் கொதிக்கற வயசு, முன்னாடி ஒரு இடைவெளி தெரியுது, அதுல நுழையறதா வேணாமான்னு அரை செகண்ட்ல முடிவெடுக்கணும். வேணாம்னு விடறானே, அந்த விடறதைப் பாக்கத்தான் நான் வேலி ஓரத்துல நிக்கறேன். அது ஸ்கோர் போர்டுல வராது. கைதட்டலும் கிடைக்காது.

அப்புறம் தீவுத்திடல். ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. ஊரே பேசின ரேஸ். 3.5 கிலோமீட்டர், 19 வளைவு. நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, தீவுத்திடலைச் சுத்தி. சனிக்கிழமை போய்க் காத்துக் கிடந்தோம், உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வோட சான்றிதழ் தாமதம், ரேஸ் இல்லைன்னுட்டாங்க. பையன் முகம் தொங்கிப்போச்சு. ராத்திரி பூந்தமல்லி வந்து சேர்றதுக்குள்ள அவனுக்குத் தூக்கமே வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை மறுபடியும் கிளம்பினோம். அம்மா வாசல்ல நின்னு, "அங்க சுத்தறவங்களைவிட நீங்கதான்டா அதிகமா சுத்தறீங்க"ன்னாங்க.

ஆனா அந்த ராத்திரி இருக்கே! நாம பஸ்ல வேர்த்து வழிஞ்சு நின்ன ரோடு. அதே ரோட்டுல பகல் மாதிரி வெளிச்சம் போட்டு, ரெண்டு பக்கமும் கான்க்ரீட் சுவர் வச்சு, நடுவுல அந்தப் பசங்க. தெரு ட்ராக்ல மண்ணு ஓரம் கிடையாது. தப்பு பண்ணா சுவர்தான். இருங்காட்டுக்கோட்டைல 100 போர்டைத் தாண்டிப் போட்ட பசங்க எல்லாம் இங்க முதல் சுத்துகள்ல அடக்கமா ஓட்டினது கண்ணுக்கே தெரிஞ்சுது. சுத்து ஏற ஏற சுவருக்கும் டயருக்கும் நடுவுல இருந்த இடம் குறைஞ்சுட்டே வந்துச்சு. முதல் எஃப்4 ரேஸை ஹியூ பார்ட்டர் ஜெயிச்சான், கொச்சி டீம். கூட்டம் கத்தின கத்தல்ல பக்கத்துல நின்ன ஒரு பாட்டி (பேரனைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க) காதைப் பொத்திட்டுச் சிரிச்சாங்க.

அந்த ரேஸ் வேணும், வேணாம்னு அப்ப ஊர்ல ரெண்டு கட்சி. கோர்ட்டு வரைக்கும் போச்சு. அரசுப் பணம், ட்ராஃபிக், பக்கத்துலயே ஆஸ்பத்திரி, எல்லாமே நியாயமான கேள்விதான். என் வருத்தம் வேற. அன்னிக்கு அங்க நின்ன அத்தனை ஆயிரம் பேர்ல நூத்துல ஒருத்தர், ரெண்டு வாரம் கழிச்சு அதே பசங்க இருங்காட்டுக்கோட்டைல ஓட்டும்போது வந்திருந்தா வேலி ஓரம் நிறைஞ்சிருக்கும். நாங்க போனப்ப எங்களுக்குப் பக்கத்துல நாலு பேரு, ஒரு கறுப்பு நாய், தண்ணி பாட்டில் விக்கறவர்.

கூட்டம் இல்லாததுல ஒரு லாபமும் இருந்துச்சு. அன்னிக்கு கராஜ் பக்கம் எட்டிப் பாக்க முடிஞ்சுது.

ஒரு சீட்டு நிழல்ல சாத்தி வச்சிருந்துச்சு. நான் பார்த்த மாதிரி சீட்டே இல்ல அது. காருக்குள்ள பை மாதிரி ஒண்ணைப் போட்டு, அதுமேல பையனை உட்கார வச்சு, ரெண்டு கெமிக்கலைக் கலந்து ஊத்துவாங்களாம். நுரைச்சுப் பொங்கி, அவன் முதுகைச் சுத்தி இறுகிடும். அந்த நுரைல ரெண்டு தோள்பட்டை எலும்பு, முதுகுத்தண்டுப் பள்ளம், எல்லாம் அச்சு எடுத்த மாதிரி தெரிஞ்சுது. எவ்வளவு ஒல்லி முதுகு! நம்ம பையன் தொட்டுப் பாக்கலாமான்னு கண்ணாலேயே கேட்டான். மெக்கானிக் தலையாட்டினார்.

அந்த மெக்கானிக்குக்கு இருபத்திரெண்டு வயசு இருக்கும். அம்பத்தூர் ஐ.டி.ஐ.ல படிச்சவராம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கைல ஹீட் கன், இன்னொரு கைல சுரண்டி. ரேஸ் முடிஞ்ச டயர்ல ட்ராக் பூரா கிடக்கற ரப்பர்த் துணுக்கு ஒட்டிக்கிட்டு வரும். சூடு காட்டி, இளக்கி, வெண்ணெய் வழிக்கற மாதிரி ஒரே சீரா சுரண்டி எடுத்தார். அடியில டயரோட நிஜ முகம் தெரிஞ்சுது. அதைப் பார்த்தாதான் எந்தப் பக்கம் அதிகமா தேயுதுன்னு தெரியுமாம். கை நிக்கல, ஆனா அவசரமும் இல்ல. அப்புறம் வீல் மாட்டி டார்க் ரெஞ்ச்ல டிக்னு சத்தம் வர்ற வரைக்கும் முறுக்கி, ஒரு மார்க்கர்ல கோடு போட்டார். நான் பட்டறைல செக் பண்ண பீஸுக்கு மார்க் போடற அதே கோடு. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

"இது பணக்கார வீட்டுப் பசங்க விளையாட்டு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. உண்மைதான், மறைக்க என்ன இருக்கு. ஒரு சீசன் கார்ல உட்காரணும்னா நம்மள மாதிரி வீட்டுல மனையை வித்தாத்தான் முடியும். ஓட்டத் தெரிஞ்சும் காசு இல்லாம கார்ட்டோட நின்னுபோன பசங்க எத்தனை பேரு! கம்பெனிங்க காசு போட்டுத் தகுதி பாத்து எடுத்தாத்தான் இது மாறும், அது இன்னும் நிறைய நடக்கணும். ஆனா கார்ல உட்கார்றவன் ஒருத்தன்னா, அந்தக் காரைத் தயார் பண்றவங்க நாலு பேரு. அவங்க நம்ம ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பசங்க. அதையும் சேர்த்துத்தான் இந்த விளையாட்டைப் பாக்கணும்.

வெளிநாட்டுக்காரங்க இந்த ட்ராக்கை மதிச்ச அளவுக்கு நாம மதிக்கலைங்கறதுதான் எனக்கு உறுத்துது. எம்.ஆர்.எஃப். சேலஞ்ச்னு ஒரு சீரிஸ், நம்ம சென்னைக் கம்பெனி நடத்தினது. பழைய எஃப்1 சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டியோட பேரன் பியட்ரோ 2015-16-ல அதை ஜெயிச்சார். மைக்கேல் ஷூமாக்கரோட பையன் மிக் 2016-17-ல அதுல மூணாவது. ரெண்டு பேருமே பின்னாடி எஃப்1 ஓட்டினாங்க. 2019 பிப்ரவரில, இதே இருங்காட்டுக்கோட்டைல, ஜேமி சாட்விக்னு ஒரு இங்கிலாந்துப் பொண்ணு, 20 வயசு, பசங்களையெல்லாம் முந்தி அந்தச் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சா. அதை ஜெயிச்ச முதல் பொண்ணு. அப்புறம் பொண்ணுங்களுக்குன்னே நடந்த டபிள்யூ சீரிஸை மூணு தடவை ஜெயிச்சா. அன்னிக்கு நான் எங்க இருந்தேன்? அங்கிருந்து இருபது நிமிஷத்துல, வீட்டுல, மத்தியானத் தூக்கம் போட்டுட்டு இருந்திருப்பேன். இப்ப நெனச்சாலும் மனசு அடிச்சுக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். 2023 ஆகஸ்ட்ல இதே ட்ராக்ல பைக் ரேஸ்ல 13 வயசுப் பையன் ஒருத்தன் விழுந்து இறந்துபோனான். அதே வருஷம் ஜனவரில, 59 வயசு, அனுபவசாலி ஒருத்தர், கார் ரேஸ்ல. நம்ம பையன் இதைத் தெரிஞ்சுட்டுக் கேட்டப்ப நான் மழுப்பல. ஹெல்மெட், சட்டை, ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் இருந்தும் உயிர் போற விளையாட்டுடா இதுன்னு சொன்னேன். வயசு வரம்பு, பாதுகாப்பு இதெல்லாம் பேசறவங்களைப் பயந்தாங்கொள்ளின்னு யாரும் சொல்லக்கூடாது.

அதே நேரம், எங்க வீட்டு மாடில படுத்தா நடுராத்திரி அவுட்டர் ரிங் ரோடு பக்கம் இருந்து பைக் சத்தம் கேக்கும். சைலன்சரைப் புடுங்கிட்டு, ஹெல்மெட் இல்லாம, மூணு நாலு பேரா. லாரி எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பசங்களைக் கூட்டிட்டுப் போய் ஒரே ஒரு தடவை அந்த 100 போர்டுகிட்ட நிறுத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

சீசன் கடைசில கோயமுத்தூருக்குப் போயிடுச்சு, கரி ஸ்பீட்வேக்கு. நவம்பர்ல முடிஞ்சுது. எங்களால போக முடியல, எனக்கு டெஸ்பாட்ச் நெருக்கடி, அவனுக்குப் பரீட்சை. போன்ல பாத்தோம். தென்னாப்பிரிக்காப் பையன் அகில் அலிபாய் சாம்பியன், ஹைதராபாத் டீம். நோட்டுல கடைசிப் பக்கத்துல பையன் சிவப்பு மையில ரெண்டு கோடு இழுத்து மொத்தத்தைப் போட்டான். அப்புறம் அவனுக்குப் பிடிச்ச அந்தக் கறுப்புத் திட்டுப் பையன் பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்டார். ஏன்டான்னேன். "ஆறு தடவையும் அதே இடம் மாமா."

டீ டைம்ல கேட்ட தம்பிகிட்ட இதுல பாதியைத்தான் சொன்னேன், ஷிஃப்ட் பெல் அடிச்சுடுச்சு. அடுத்த ரேஸுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்.

நீங்களும் வாங்க. தொப்பி எடுத்துக்கங்க, காதுக்குப் பஞ்சு, ரெண்டு பாட்டில் தண்ணி. தயிர் சாதம் கட்டிக்கிட்டா இன்னும் நல்லது, அங்க சாப்பாடு தேடி அலைய வேணாம். மெயின் ஸ்ட்ரெய்ட்டுக்கு எதிர்ல உட்காராதீங்க. வளைவுகிட்ட, நம்பர் போர்டு பக்கம் நடந்து வாங்க. அங்க வேலில சாஞ்சுட்டு ஒருத்தன் கணக்கு நோட்டுல எழுதிட்டிருப்பான். எத்தனாவது சுத்துன்னு அவன்கிட்ட கேளுங்க, கரெக்டா சொல்வான்.